வளையலுக்கு ஏற்ற வெட்டு

ஜெயங்கொண்டம் பக்கத்துப் பட்டு நெசவாளி ஒருவரின் மகள் எங்கள் கல்லூரியில் படித்தாள். தறியில் மிஞ்சிய மயில் கழுத்துப் பட்டில் பட்டியொன்றை நேராகக் கத்தரித்து, பழைய பிளாஸ்டிக் வளையலைச் சுற்றி மடித்து ஒட்டினாள். உட்புறமெல்லாம் சுருக்கம்! கையில் எஞ்சியது 20 செ.மீ. சதுரத் துண்டுதான்.

ஏன் சுருங்கியது? வளையலின் தடிப்பு 3 மி.மீ. என்றால், வெளிச்சுற்று உட்சுற்றைவிட 2 × 3.14 × 3, ஏறக்குறைய 19 மி.மீ. அதிகம். (கை பெரிதானாலும் சிறிதானாலும் அதே 19தான். கணக்கிட்டுப் பாருங்கள்.) ஒரே பட்டி வெளியே நீண்டு உள்ளே குறுக வேண்டும். நேராக ஓடும் நூல் அதற்கு இணங்காது.

மாணவர்களே, உங்கள் கைக்குட்டையை விளிம்போடு இழுங்கள், நீளாது. மூலைக்கு மூலை இழுங்கள், நீளும். நூல் நீளவில்லை. பாவும் ஊடையும் சந்திக்கும் இடங்களில் திரும்புவதால் சிறு சதுரங்கள் சாய்சதுரங்களாகின்றன. தையற்காரர் கழுத்துப்பட்டிக்குக் ‘கிராஸ்’ வெட்டுவது இதனால்தான்.

சதுரத்தின் மூலைவிட்டம் 28 செ.மீ.; வளையலுக்குத் தாராளம். அதன் வழியே வெட்டி ஒட்டினாள், சுருக்கமே இல்லை. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறமல்லவா? வளையலைத் திருப்பத் திருப்ப நீலமும் பச்சையும் மாறி மாறி மின்னின.

நீங்கள் பட்டைத் தொடுமுன் பருத்தித் துணியில் பழகுங்கள். பெரம்பலூர்க் கரிசல் இருக்கையில் பருத்திக்கா பஞ்சம்!