ஆங்கில இலக்கிய உத்திகளும் கவிமணியின் மான்மியமும்

ஆங்கில இலக்கியத்தில் அடிக்கடி வரும் உத்திகளை ஓசை, ஒப்புமை, பேசும் குரல், நகை என நான்காகப் பிரித்துப் பார்க்கலாம். கல்லூரி வகுப்பில் இவற்றுக்கு ஆங்கிலக் கவிஞர்களான போப்பையும் பிரவுனிங்கையும் எடுத்துக்காட்டுவார்கள். நாஞ்சில் நாட்டாருக்குப் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார். தேரூரில் 1876-இல் பிறந்து 1954-இல் மறைந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, எட்வின் ஆர்னால்டின் புத்தர் காவியத்தைத் தழுவி ‘ஆசிய ஜோதி’ எழுதியவர். பிட்ஸ்ஜெரால்டின் ஆங்கில வழியாக உமர் கய்யாம் பாடல்களையும் தமிழில் தந்தவர்.

முதலில் ஓசை. ஆங்கில மோனைக்கு எழுத்து முக்கியமல்ல, ஒலியே கணக்கு. ‘கிங்’ (king), ‘கேட்’ (cat) என்ற சொற்கள் ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்தில் தொடங்கினாலும் மோனையாகும். தமிழ்ச் செய்யுள் பெரிதும் போற்றும் எதுகை அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் அமைகிறது. ஆங்கிலமோ நம் இயைபைப்போல அடியின் இறுதியில் ஒலி ஒன்றுவதையே விரும்பும். 1859-இல் வெளியான பிட்ஸ்ஜெரால்டின் நாலடிப் பாடல்களில் 1, 2, 4-ஆம் அடிகள் இயைந்து நிற்கும். மூன்றாவது பெரும்பாலும் தனித்து நிற்கும். 1879-இல் ஆர்னால்டு வெளியிட்ட அந்தப் புத்தர் காவியத்தின் பெரும்பகுதியில் இயைபே கிடையாது. அடிக்குப் பத்து அசை, ஒன்றுவிட்டு ஒன்றில் அழுத்தம் என்ற நடையே அதைத் தாங்குகிறது.

அடுத்தது ஒப்புமை. ‘வேளிமலை யானைபோல் படுத்திருக்கிறது’ என்றால் உவமை. ‘அந்த யானையின் காலடியில் வயல்கள்’ என்று மலையையே யானையாக்கினால் உருவகம். ‘மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு உறங்குகிறது’ என்று மனிதச் செயலை ஏற்றினால் ஆளுருவாக்கம். இரு மொழிக்கும் இவை பொது.

மூன்றாவது, கவிஞர் வேறொருவர் வாயால் பேசுவது. பிரவுனிங் 1842-இல் வெளியிட்ட ஒரு கவிதையில், பிரபு ஒருவன் இறந்த மனைவியின் ஓவியத்தைக் காட்டிப் பெருமை பேசுகிறான். அவன் கொடுமையை அவன் பேச்சே காட்டிக்கொடுத்துவிடுகிறது. கவிமணியின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின், ஐந்தாம் மனைவி வாயிலாக நகர்கிறது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே அன்று மருமக்கள் வழி முறைப்படி சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரி மகனுக்குப் போனது. அந்த முறையால் நொந்தவளே கதை சொல்வதால், வாதமாக நிற்கவேண்டியது அழுகையாகவும் ஏச்சாகவும் வெளிப்படுகிறது.

நான்காவது நகை. அதில் வஞ்சப் புகழ்ச்சி ஒன்று. அயர்லாந்தின் வறுமைக்கு மருந்தாக, ஏழைக் குழந்தைகளைச் செல்வர்கள் உண்ணலாம் என்று ஸ்விப்ட் 1729-இல் ‘ஆலோசனை’ கூறினார். பிடிக்காத ஒன்றைப் பரிந்துரைப்பதுபோல் பழிப்பதே அவர் வழி. கவிமணியும் தலபுராணத்துக்கு உரிய ‘மான்மியம்’ என்ற பெயரை ஒரு கெட்ட வழக்கத்துக்குச் சூட்டினார்.

இன்னொன்று போலிக் காவியம்: சின்ன விஷயத்தைப் பெருங்காவியத் தோரணையில் பாடுவது. போப்பின் ‘கூந்தல் களவு’ 1712-இல் வந்தது; 1714-இல் விரிந்தது. ஒரு பெண்ணின் ஒரு சுருள் முடியைக் கத்தரித்ததுதான் கதை. அதில் சீட்டாட்டமே போர்க்களமாகிறது. மான்மியமும் படலம் படலமாகப் பிரிகிறது. கம்பராமாயணத்தில் உள்ள ‘குலமுறை கிளத்து படலம்’ என்ற தலைப்பு இங்கும் உண்டு. கூடவே ‘மாமி அரசியல் படலம்’, வழக்காடிக் குடும்பம் அழிவதைச் சொல்லும் ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’ ஆகியவையும் வருகின்றன. ஆனால் போப் அற்பமானதைப் பெரிதாக்கிச் சிரிக்கவைத்தார். கவிமணி பாடிய துன்பம் அற்பமானதல்ல. அதனால் இங்கே சிரிப்புக்கு அடியில் கோபம் இருக்கிறது.

உத்தியின் பெயரைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது. அது அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கவேண்டும். மான்மியத்தில் அந்த வேலை, மருமக்கள் வழி முறையைச் சாடுவது. அது ‘தமிழன்’ இதழில் தொடராக வந்தது. அந்தச் சொத்துரிமை முறைக்கு எதிராகச் சமூகத்துக்குள் எழுந்த கிளர்ச்சிகளின் முடிவில், 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது.