பாசிமணி ஈஸ்டர் முட்டை

பாசிமணி ஈஸ்டர் முட்டை என்பது முட்டையின் மேற்பரப்பைச் சிறு கண்ணாடி மணிகளால் மூடிச் செய்யப்படும் அலங்காரப் பொருளாகும். உருசியா, உக்ரைன், உருமேனியா முதலிய நாடுகளில் இளவேனிற்காலத்தில் வரும் ஈஸ்டர் பண்டிகைக்காக இது செய்யப்படுகிறது.

பின்னணி

கிழக்கு மரபுவழித் திருச்சபையினர் ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பில் இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றைத் தவிர்ப்பர். அந்நாட்களிலும் கோழிகள் முட்டையிடுவதால் பண்டிகை நெருங்கும்போது வீடுகளில் முட்டைகள் சேர்ந்துவிடும். அவற்றுக்குச் சாயமிட்டு, நோன்பு முடிந்ததும் உறவினருக்குக் கொடுப்பது வழக்கமாயிற்று. முட்டை ஓடு இயேசுவின் கல்லறையையும், சிவப்பு நிறம் அவரது இரத்தத்தையும் குறிப்பதாகக் கருதப்படுகிறது.

மணி முட்டை உண்பதற்கானதன்று; ஆண்டுக்கணக்கில் பாதுகாப்பதற்கானது. உருசியாவில் மிகையில் லொமொனோசொவ் 1753இல் நிறுவிய கண்ணாடித் தொழிற்சாலையில் மணிகளும் செய்யப்பட்டன. அவரது மறைவுக்குப் பின் அது மூடப்பட்டது. வெனிசு, பொகிமியா ஆகிய இடங்களிலிருந்து வந்த மணிகளே பெரிதும் பயன்பட்டன. கன்னியர் மடங்களில் இத்தகைய முட்டைகள் கோக்கப்பட்டன. இன்று உருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் இடையே பிரிந்துள்ள புக்கோவினாப் பகுதியில், முட்டைமேல் தேன்மெழுகு பூசி மணிகளை அதில் பதிக்கும் முறையும் உண்டு.

முட்டையை ஆயத்தப்படுத்துதல்

கழுவிய முட்டையின் இரு முனைகளிலும் ஊசியால் துளையிட்டு, மஞ்சள் கருவை உள்ளேயே கலைத்து, சிறு காற்றுப்பம்பு கொண்டு வெளியேற்ற வேண்டும். பச்சை முட்டையில் சால்மொனெல்லா நுண்ணுயிரி இருக்கக்கூடும் என்பதால் வாய் வைத்து ஊதுவது நல்லதன்று. பின்னர் உட்புறத்தை நீரால் அலசி முழுவதும் உலர்த்த வேண்டும். ஈரம் எஞ்சினால், மணிகளால் மூடிய பின் நாற்றம் எழும். அப்போது சரிசெய்ய வழியில்லை. நூலை இழுக்கும்போது ஓடு நொறுங்கும் அபாயமும் இருப்பதால், இன்று பலர் மர முட்டையையே பயன்படுத்துகின்றனர்.

கோக்கும் முறை

முட்டையின் நடுப்பகுதியைச் சுற்றும் மணிப்பட்டை முதலில் நெய்யப்படுகிறது. கோழி முட்டையின் நடுச்சுற்றளவு ஏறக்குறைய 14 செ.மீ. ஒரு மணியின் குறுக்களவு 2 மி.மீ. எனில் பட்டைக்குச் சுமார் 70 வரிசைகள் தேவைப்படும். ஆனால் கோலம் 8 வரிசைக்கு ஒருமுறை திரும்ப வருமானால் மொத்த எண்ணிக்கை 8இன் மடங்காக இருக்க வேண்டும். 72 வரிசையில் 9 கோலங்கள் சரியாக அமையும். 70 வரிசையில் கடைசிக் கோலம் அரைகுறையாக நிற்கும். எனவே நூலெடுப்பதற்கு முன்பே அளவும் எண்ணிக்கையும் முடிவாக வேண்டும். பட்டை மிக அகலமானால் அதன் ஓரங்கள் வளைவில் படியாமல் தூக்கி நிற்கும்.

பட்டையின் இரு முனைகளையும் முட்டையின் மேல் இணைத்தபின், அதன் ஓர மணிகளிலிருந்து வலைபோல முனை நோக்கிக் கோக்க வேண்டும். முட்டை குறுகக் குறுக வலைக் கண்ணுக்குரிய மணிகளும் 5, 3, 1 எனக் குறைக்கப்படும். குறைக்கத் தாமதித்தால் வலை தொய்யும். அவசரப்பட்டால் நூல் இறுகி அடியிலுள்ள ஓடு தெரியும்.

ஒரு பாதி முடிந்ததும் மறுபாதி கோக்கப்படும். இரண்டும் நிறைவுற்றால் வலையைக் கழற்ற இயலாது. நடுப்பகுதியில் உள்ள தவறு முனையை எட்டிய பின் தெரியவந்தால், அதுவரை கோத்ததைப் பிரிப்பதே வழி. ஆகவே ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மணிகளை எண்ணிப் பார்ப்பது இக்கைவினையின் அடிப்படைப் பழக்கமாகும்.

பாதுகாப்பு

மெழுகில் பதித்த முட்டைகளை வெயிலில் வைத்தல் கூடாது. தேன்மெழுகு உருகுவதற்குச் சுமார் 62 முதல் 64 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும் எனினும், அதற்கு வெகு முன்பே அது இளகி மணிகள் நழுவும். நூலில் கோத்த முட்டைகளுக்கு அக்கவலை இல்லை. உள்ளே ஓடு உடைந்தாலும், மணிகளை நூல் சிதறாமல் பிடித்துக்கொள்ளும்.