பெயரைச் சரியாக எழுதுங்கள்!

என் பெயரை நேயர்கள் வாட்ஸ்அப்பில் நான்கு விதமாக எழுதுகிறார்கள். அதனால் என் வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் 2010இல் அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் ஒரு செனட்டரின் பதவியே, மக்கள் அவர் பெயரை எப்படி எழுதுவார்கள் என்பதை நம்பி நின்றது.

அவர் லிசா முர்கோவ்ஸ்கி. குடியரசுக் கட்சிக்காரர். ஆனால் கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர், எதிரணியோடும் உட்கார்ந்து பேசுபவர். அதாவது, நடுவில் நிற்பவர்.

அமெரிக்கத் தேர்தலில் நமக்குப் பழக்கமில்லாத ஒன்று உண்டு. நம் நாட்டில் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்யும். அங்கே அதற்கே ஒரு தேர்தல் நடக்கும். இந்த உட்கட்சித் தேர்தலுக்கு வருபவர்கள் குறைவு; வருபவர்களில் தீவிர ஆதரவாளர்களே அதிகம். நடுவில் நிற்பவர்கள் பெரும்பாலும் விழுவது இந்த முதல் வாசலில்தான். முர்கோவ்ஸ்கியும் அங்கேதான் விழுந்தார். டீ பார்ட்டி இயக்கத்தின் ஆதரவு பெற்ற ஜோ மில்லர் அவரை ஏறத்தாழ 2,000 வாக்குகளில் தோற்கடித்தார்.

வாக்குச்சீட்டில் பெயர் இல்லை. ஆனால் வாக்காளர் விரும்பினால் ஒரு பெயரைத் தானே எழுதி வாக்களிக்கலாம். அந்த வழியில் 1954க்குப் பிறகு எவரும் செனட்டுக்குப் போனதில்லை. முர்கோவ்ஸ்கி துணிந்தார். தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிக் கொடுக்கும் விளம்பரங்களை வெளியிட்டார்.

இங்கேதான் எங்கள் தொழில்காரர் ஒருவர் வருகிறார். ஆங்கரேஜ் நகர வானொலித் தொகுப்பாளர் அவர். ‘நீங்களும் எழுதப்படும் வேட்பாளராகப் பதிவு செய்யுங்கள்’ என்று நேயர்களைத் தூண்டினார். பெயர்ப் பட்டியல் நீண்டால் முர்கோவ்ஸ்கியின் பெயர் கூட்டத்தில் மறையும் என்பது கணக்கு. 150 பேருக்கு மேல் பட்டியலில் சேர்ந்தார்கள்! நிலையம் அவர் நிகழ்ச்சியை நிறுத்தி வைத்தது.

அவரைக் குறை சொல்லும்போது எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது. ‘இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு’ என்று சொல்ல யாரும் எங்கள் நிலையத்துக்கு அழைப்பதில்லை. காரசாரமான கேள்வி போட்டால் ஐந்து நிமிடத்தில் இணைப்புகள் நிரம்பிவிடும். நானும் அப்படிக் கேள்வி போட்டிருக்கிறேன்.

முர்கோவ்ஸ்கி 10,000 வாக்குகளுக்கு மேல் முன்னிலை பெற்றார். எழுத்துப் பிழை என்று சொல்லி மில்லர் தரப்பு ஆயிரக்கணக்கான சீட்டுகளை எதிர்த்தது. அவற்றைக் கழித்த பிறகும் அவரே முந்தியிருந்தார். உட்கட்சி வாசலில் தள்ளப்பட்டவரைப் பொது வாசல் ஏற்றுக்கொண்டது.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதே 2010இல் ஜனநாயகக் கட்சியின் ‘புளூ டாக்’ மிதவாதிகள் கிட்டத்தட்டப் பாதிப்பேர் தொகுதியிழந்தார்கள். அவர்களைத் தோற்கடித்தது பொதுத் தேர்தல். தொகுதி மக்களே சொந்தக் கட்சியை வெறுக்கும்போது, நடுவில் நிற்பவர்தான் முதலில் அடி வாங்குகிறார். 2021இல் டிரம்ப் மீதான கண்டனத் தீர்மானத்தை ஆதரித்த 10 குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகளில் நால்வர் ஒதுங்கினார்கள், நால்வர் கட்சிக்காரர்களிடம் தோற்றார்கள். மீண்டும் வென்ற இருவரும் கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலத்தவர்கள். அங்கே முதல் சுற்றில் எல்லாக் கட்சியினரும் ஒரே சீட்டில் நிற்கிறார்கள். (அதே வாஷிங்டனில் இன்னொருவர் தோற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். முறை மட்டும் காப்பாற்றிவிடாது.)

டிரம்ப் குற்றவாளி என செனட்டில் வாக்களித்தவர்களில் முர்கோவ்ஸ்கியும் ஒருவர். பழைய உட்கட்சித் தேர்தல் இருந்திருந்தால் 2022இல் அவர் கதை முடிந்திருக்கலாம். ஆனால் அலாஸ்கா மக்கள் 2020இலேயே முறையை மாற்றியிருந்தார்கள். முதல் சுற்று அனைவருக்கும் பொது, நால்வர் தேறுவார்கள், பிறகு வாக்காளர் 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார். முதல் எண்ணிக்கையில் முர்கோவ்ஸ்கிக்கு 43 விழுக்காடு, டிரம்ப் ஆதரித்த கெல்லி சிபாக்காவுக்கும் ஏறக்குறைய அதே அளவு. ஜனநாயகக் கட்சி வேட்பாளரை முதலிடத்தில் போட்டவர்களில் பலர் முர்கோவ்ஸ்கியை அடுத்து எழுதியிருந்தார்கள். இறுதியில் அவருக்கு 53 விழுக்காட்டுக்கு மேல்.

2024 நவம்பரில் இந்தப் புதிய முறையை ரத்து செய்யலாமா என்று அலாஸ்காவில் வாக்கெடுப்பு நடந்தது. 3 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பதிவாயின. ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் அது பிழைத்தது.