தரவுப் பிணக்குகளும் நீதிமன்றத்துக்குப் புறம்பான தீர்வும்

நுகர்வோரின் பெயர், முகவரி, கொள்வனவுப் பழக்கம் ஆகியன இன்று பண்டங்களாகிவிட்டன. அவை பற்றிய பிணக்குகளிற் கோரப்படும் தொகை பெரும்பாலும் சிறிது. வழக்குச் செலவோ பெரிது. இணையவழி இணக்கத் தீர்வு என்னும் கருத்து இம்முரண்பாட்டின் அடியாகவே வலுப்பெற்றது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அனுபவம் இவ்வகையில் நுணுகி நோக்கத்தக்கது. இணையக் கொள்வனவுப் பிணக்குகளுக்கென அது 2016 பெப்ரவரியில் ஒரு பொதுத் தளத்தைத் திறந்தது. முறைப்பாட்டை வணிகருக்கு அனுப்புவதே தளத்தின் பணி. இரு தரப்பாரும் ஒரே தீர்வு மன்றத்தை ஏற்றாலன்றி விடயம் மேற்செல்லாது. வணிகர் பலர் வாளாவிருந்தனர். (மௌனம் அவர்களுக்கு நட்டமன்று.) பயன்பாடு அருகியமையால் 2025 யூலை 20இல் அத்தளம் மூடப்பட்டது.

தரவுப் பாதுகாப்பில் நிலைமை சற்று வேறானது. 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 40ஆம் உறுப்புரை, தொழிற்றுறை ஒழுக்கக் கோவைகளில் நீதிமன்றத்துக்குப் புறம்பான தீர்வுமுறைகளைச் சேர்க்க இடமளிக்கிறது. ஆயினும், மேற்பார்வை அதிகாரசபைக்கு முறையிடும் உரிமையையும் வழக்கிடும் உரிமையையும் அது பறிப்பதில்லை. அதிகாரசபைக்குக் கட்டணமின்றி முறையிடலாம். கம்பனியின் சம்மதத்தை எதிர்பாராது விசாரிக்கும் அதிகாரம் அதற்குண்டு. இவ்வேறுபாட்டையே நாம் முதன்மையாகக் கருதுகிறோம். சமமற்ற இருவரைச் சமமானோராகப் பாவித்து நடத்தப்படும் இணக்கப்பேச்சு வலியோரின் வசதிக்கே உதவும். 80ஆம் உறுப்புரை, இலாப நோக்கற்ற அமைப்பொன்று பாதிக்கப்பட்டோர் சார்பில் முறையிட வழிசெய்கிறது. தனியாளின் குறையைக் கூட்டுக் குறையாக்கும் இவ்வழியை, இணக்கத் தீர்வைப் போற்றி எழுதுவோர் போதியளவு கவனிப்பதில்லை.