உஷார்! மரியாதையாக ஒரு மெயில் வரும், அவசரப்பட்டுப் பதில் போடாதீர்கள்

ஐ.டி. பிரிவில் இருப்பவர்களே, பர்ச்சேஸில் இருப்பவர்களே, கையில் இருக்கும் வேலையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள். உங்கள் கம்பெனியில் நூற்றுக்கணக்கில் கம்ப்யூட்டர் ஓடுகிறதா? ஒவ்வொன்றிலும் என்னென்ன சாஃப்ட்வேர் ஏறியிருக்கிறது, அதில் எதற்குக் காசு கட்டியிருக்கிறீர்கள் என்று இப்போதே சொல்ல முடியுமா?

முடியாது என்றால் ஆபத்தில் இருக்கிறீர்கள்.

"நாங்கள் திருட்டு சாஃப்ட்வேர் வைத்துக்கொள்வதே இல்லை, எங்களுக்கென்ன பயம்?" என்று கேட்பீர்கள். அப்படி நம்பிக்கொண்டிருந்த ஒருவருக்குத்தான் இது நேர்ந்தது.

பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் பெரிய கம்பெனி, மூன்று பிளான்ட். ஐ.டி. பொறுப்பு முழுக்க அவரிடம். நாணயமான மனிதர். ஒரு நாள் மத்தியானம் அவருக்கு ஒரு மெயில் வந்தது. டிராயிங் போடும் சாஃப்ட்வேரைச் செய்த கம்பெனி அனுப்பியது. மிரட்டல் இல்லை, வக்கீல் நோட்டீஸ் இல்லை. உங்கள் லைசென்ஸ் விவரங்களைச் சரிபார்க்க உதவுகிறோம், இணைத்திருக்கும் எக்செல் ஷீட்டை நிரப்பி அனுப்புங்கள் என்று தன்மையாக எழுதியிருந்தது.

அன்று சாயங்காலமே நிரப்பி அனுப்பிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. தன் நினைவில் இருந்த எண்ணிக்கையைப் போட்டார்.

மெயில் அனுப்பியவர்களுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும்! ஒரு பிளான்டில் அவசர வேலைக்கு வந்த கான்ட்ராக்ட் பையன், தன் பென் டிரைவில் இருந்த கிராக் செய்த காப்பியை கம்பெனி மெஷினில் ஏற்றியிருக்கிறான். வேலை முடிந்ததும் அவன் போய்விட்டான். காப்பி போகவில்லை. இணையத்தில் இருக்கும் மெஷினில் அது ஒவ்வொரு முறை திறக்கப்படும்போதும், எந்த நெட்வொர்க், எந்த மெஷின் என்று தன்னைச் செய்தவனுக்குத் தகவல் சொல்லிக்கொண்டே இருந்தது. இன்றைய பல டிசைன் சாஃப்ட்வேர்கள் இப்படித்தான் செய்கின்றன.

அதைவிடப் பெரிய அடி அடுத்து விழுந்தது. முறையாக வாங்கிய லைசென்ஸ்களுக்கு ஆதாரம் கேட்டார்கள். மூன்று பிளான்டும் தனித்தனியாக வாங்கியிருந்தன. ஒரு பிளான்டின் பில்லில் சாஃப்ட்வேர் பெயரே இல்லை, "கம்ப்யூட்டர் உபகரணங்கள்" என்று ஒரே வரி. இன்னொரு பிளான்டுக்கு விற்ற டீலர் கடையை மூடிவிட்டார். மூன்றாவது பிளான்டின் லைசென்ஸ்கள் எப்போதோ வேலையை விட்டுப் போன ஓர் என்ஜினியரின் சொந்த மெயில் முகவரியில் பதிவாகியிருந்தன. பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை.

காசு கொடுத்தே வாங்கியிருந்தார்கள். நிரூபிக்க முடியவில்லை. மறுபடியும் காசு கொடுத்து வாங்கினார்கள். முதலில் அனுப்பிய எக்செல் ஷீட்டில் எண்ணிக்கை தப்பு என்று பிறகு திருத்தி அனுப்பியபோது, எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் மிஞ்சியது. அந்த மனிதர் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை என்று அவர் வீட்டில் சொல்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957. அதில் 63பி என்ற பிரிவைப் படித்துப் பாருங்கள். திருட்டுக் காப்பி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். 69-ஆம் பிரிவு இன்னும் முக்கியம். குற்றம் கம்பெனியுடையது என்றால், அந்த நேரத்தில் கம்பெனியை நடத்தும் பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளியாகக் கருதப்படுவார். தனக்குத் தெரியாது, அல்லது தடுப்பதற்கு எல்லா முயற்சியும் எடுத்தேன் என்று அவர்தான் காட்ட வேண்டும். கணக்கே வைக்காதவர் எதைக் காட்டுவார்?

சரி, கிராக் காப்பி ஒன்றுகூட இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நிம்மதி இல்லை. இலவசமாக டவுன்லோடு செய்த சாஃப்ட்வேரும் பெரிய கம்பெனிகளைக் கவிழ்த்துவிடும்.

ஜாவாவை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ வருஷம் யாரும் யோசிக்காமல் ஏற்றிக்கொண்ட சாஃப்ட்வேர். 2019 ஏப்ரலில் ஆரக்கிள் நிறுவனம் விதியை மாற்றியது. ஜாவா 8-இல் 211-வது அப்டேட் முதல், தொழிலுக்குப் பயன்படுத்த சந்தா வேண்டும் என்றானது. பழைய மெஷினில் "அப்டேட் செய்யவா?" என்று கேட்டதும் சரி என்று அமுக்கிய கை எத்தனை! அதோடு போகவில்லை. 2023 ஜனவரியில் கணக்குப் போடும் முறையே மாறியது. ஜாவா ஓடும் மெஷின்களை எண்ணுவதில்லை, கம்பெனியில் வேலை பார்க்கும் மொத்தப் பேரையும் எண்ணுகிறார்கள். பகுதி நேர ஊழியரும் சேர்த்தி, கம்பெனியின் உள்வேலைக்கு உதவும் கான்ட்ராக்ட் ஆட்களும் சேர்த்தி. கம்ப்யூட்டரையே தொடாத தொழிலாளியும் ஒரு தலைதான். அப்போது அறிவித்த விலைப்பட்டியல்படி, 3,000 முதல் 9,999 பேர் வரை உள்ள இடத்தில் தலைக்கு மாதம் 10.50 டாலர். 4,000 பேர் இருந்தால் வருஷத்துக்கு 5,04,000 டாலர். நம் காசில் நான்கு கோடிக்கு மேல்!

ஒரே ஒரு சர்வரில் சந்தா தேவைப்படும் ஜாவா இருந்தாலும் கணக்கு இதுதான். இத்தனைக்கும் காசே கேட்காத ஜாவாவும் கிடைக்கிறது. எக்லிப்ஸ் டெமுரின், அமேசான் கொரெட்டோ என்று ஓப்பன் ஜே.டி.கே.யிலிருந்து வந்தவை. பெரும்பாலான வேலைகளுக்கு அவை போதும். மாற்றிவிடுங்கள், ஆனால் யாராவது கேட்பதற்கு முன்னால் மாற்றுங்கள்.

டாக்கர் டெஸ்க்டாப்பும் அப்படித்தான். 250 பேருக்கு மேல், அல்லது ஆண்டு வருமானம் 1 கோடி டாலருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் காசு கட்ட வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் அறிவித்தார்கள். விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், ஆனால் அதனுடன் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் பேக் சொந்த உபயோகத்துக்கும் கல்விக்கும் மட்டுமே இலவசம். இதை எல்லாம் உங்கள் டெவலப்பர் பிள்ளைகளிடம் யாராவது சொன்னீர்களா?

காசு கட்டி வாங்கிய சாஃப்ட்வேருக்குள்ளும் குழி இருக்கிறது. ஆரக்கிள் டேட்டாபேஸ் என்டர்பிரைஸ் எடிஷனில் டயக்னாஸ்டிக்ஸ் பேக், ட்யூனிங் பேக் என்று இரண்டு வசதி உண்டு. இரண்டுக்கும் தனி லைசென்ஸ். ஆனால் போட்ட உடனேயே இரண்டும் திறந்தே கிடக்கும். பூட்டு இல்லை, எச்சரிக்கை வராது. டேட்டாபேஸ் மெதுவாக ஓடுகிறதே என்று உங்கள் ஆள் ஒரு ஏ.டபிள்யூ.ஆர். ரிப்போர்ட் எடுத்துப் பார்ப்பார். அது பயன்பாடாக டேட்டாபேஸுக்குள்ளேயே பதிவாகிவிடும். ஆடிட்டுக்கு வருபவர் முதலில் திறந்து பார்ப்பதே அந்தப் பதிவைத்தான்.

ஜானி வாக்கர் விஸ்கியும் கின்னஸும் செய்யும் டியாஜியோ கம்பெனி சின்னக் கம்பெனியா? அவர்கள் எஸ்.ஏ.பி. சாஃப்ட்வேருக்கு முறையாகக் காசு கட்டியவர்கள். பிறகு சேல்ஸ்ஃபோர்ஸில் இரண்டு செயலிகளைக் கட்டி, விற்பனை ஆட்களும் வாடிக்கையாளர்களும் அதன் வழியாக வேலை செய்ய ஏற்பாடு செய்தார்கள். அந்தச் செயலிகள் உள்ளே எஸ்.ஏ.பி.யைத் தொட்டன. அவ்வளவுதான். தொட்ட ஒவ்வொருவருக்கும் லைசென்ஸ் வேண்டும் என்று வழக்கு. 2017 பிப்ரவரியில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம், கூடுதல் கட்டணம் கட்டத்தான் வேண்டும் என்று எஸ்.ஏ.பி. பக்கம் தீர்ப்புச் சொன்னது. எஸ்.ஏ.பி. கேட்டிருந்த தொகை 5 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு மேல். உங்கள் டீலர்களுக்காக ஒரு ஆப் கட்டப் போகிறீர்களா? அது பின்னால் எதைத் தொடுகிறது என்று முதலில் கேளுங்கள்.

இந்த அறிகுறிகள் உங்கள் ஆபீஸில் தெரிகின்றனவா, பாருங்கள்.

யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். எல்லா லேப்டாப்பிலும் அட்மின் உரிமை. இது ஒன்று போதும், மற்ற ஆபத்தெல்லாம் தானாக வந்து சேரும்.

வாங்கியது எத்தனை, ஏற்றியது எத்தனை, நிஜமாகப் பயன்படுவது எத்தனை என்ற மூன்று எண்ணும் ஒரே ஆளிடம் இல்லை. பர்ச்சேஸில் ஒன்று, ஐ.டி.யில் ஒன்று, மூன்றாவது யாரிடமும் இல்லை.

ராஜினாமா செய்தவரின் லேப்டாப்பைத் திரும்ப வாங்குகிறீர்கள், அவர் பெயரில் ஓடும் சந்தாவை நிறுத்துவதில்லை. போன வருஷம் போனவருக்கு இன்னும் மாசா மாசம் பணம் போகிறது. ஒருபக்கம் குறைவாக வாங்கி மாட்டிக்கொள்வது, இன்னொரு பக்கம் வீணாகக் கட்டுவது, இரண்டும் ஒரே கம்பெனியில் ஒரே சமயத்தில் நடக்கும்.

ஒரு சர்வரைக் காப்பி எடுத்து, அதை இன்னொரு காப்பி எடுத்து, டெஸ்ட்டுக்கு என்று ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு காப்பியும் லைசென்ஸ் கேட்கலாம்.

ஒரு யூனிட்டை விற்றீர்கள், அல்லது வேறு கம்பெனியை வாங்கினீர்கள். லைசென்ஸ் தானாகக் கை மாறாது. பல ஒப்பந்தங்களில் எழுத்து மூலம் அனுமதி வாங்கினால்தான் உண்டு.

விற்பனை ஆள் திடீரென்று போன் செய்து, "எத்தனை பேர் யூஸ் பண்றீங்க சார், சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்று கேட்கிறாரா? பதில் சொல்லும் முன் நிதானியுங்கள்.

தம்பிகளே, தங்கைகளே, ஒருவேளை அந்த மெயில் ஏற்கெனவே வந்துவிட்டதா? பதறாதீர்கள். முதலில் ஒப்பந்தத்தை எடுத்து ஆடிட் பற்றிய பகுதியைப் படியுங்கள். ஆரக்கிளின் வழக்கமான ஒப்பந்தத்தில் 45 நாள் முன்னறிவிப்பு உண்டு. உங்களுடையதில் எவ்வளவு என்று பாருங்கள். அந்த நாட்கள் உங்களுடையவை, விட்டுக்கொடுக்காதீர்கள். மேலதிகாரிக்கும் சட்டப் பிரிவுக்கும் அன்றே சொல்லுங்கள். தனியாகச் சுமக்காதீர்கள். வெளியே பேச ஒரே ஒரு ஆளை வையுங்கள். அவர்கள் அனுப்பும் ஸ்கிரிப்டை ஓட்டும் முன், அது எதையெல்லாம் திரட்டுகிறது என்று உங்கள் ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் சரிபார்த்த பதில். பயத்தில் ராத்திரியோடு ராத்திரியாக எதையும் அழிக்காதீர்கள்! அழித்த தடமும் மெஷினில் இருக்கும், கோர்ட்டில் அது இன்னும் மோசமாகத் தெரியும்.

மெயில் இன்னும் வரவில்லை என்றால் இந்த வாரமே ஆரம்பியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் எண்ண முடியாது. அதிகமாகப் பணம் போகும் ஐந்து சாஃப்ட்வேர்களையும், கூடவே ஜாவாவையும் எண்ணுங்கள். பழைய பில்களை டீலர்களிடம் இப்போதே கேட்டு வாங்கி ஓரிடத்தில் வையுங்கள். லைசென்ஸ் கணக்குகள் தனி ஆளின் மெயிலில் இருந்தால், அவர் வேலையில் இருக்கும்போதே கம்பெனியின் பொது முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.