தடுப்பு மருந்துக்கு ஏன் வாடிக்கையாளர் இல்லை?

உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் இந்தியாவில் வாழ்கின்றனர். ஆனால், ஆஸ்துமா இறப்புகளில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இங்கே நிகழ்கின்றன என்பது 2019-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீடு. மருந்தே இல்லாத நோய் என்றால் விதியென்று விட்டுவிடலாம். மருந்து இருக்கிறது, அதை இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. நான் மருத்துவன் அல்லன், பொருளாதாரம் கற்பித்தவன். எனக்கு இது நுகர்வோர் தேர்வு பற்றிய கேள்வியாகவே படுகிறது.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் நாள்பட்ட அழற்சியால் வீங்கியிருக்கிறது. தூசு, புகை, குளிர்காற்று பட்டதும் அதைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துவது சால்பியூட்டமால். சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். அழற்சியை அது தொடுவதே இல்லை. அழற்சியைத் தணிப்பவை புடெசொனைடு, பெக்லோமெத்தசோன் போன்ற, உறிஞ்சும் ஸ்டீராய்டுகள். அவற்றின் முழுப் பயன் தெரியச் சில வாரங்கள்கூட ஆகலாம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. முதல் மருந்தின் பயன் உடனே கைமேல் கிடைக்கிறது. இரண்டாவது மருந்தின் பயனோ, வராமல் போன ஒரு மூச்சுத்திணறல். வராத ஒன்றை யார் கணக்கில் வைப்பார்கள்? இன்றைய பயனுக்கு மிகை மதிப்பும் நாளைய பயனுக்குக் குறை மதிப்பும் தருவது மனித இயல்பு. நோயாளி நிவாரணியை வாங்கிக்கொண்டே இருக்கிறார். தடுப்பு மருந்தை இரண்டாம் மாதமே நிறுத்திவிடுகிறார். விலை ஒன்றே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. அரசே மருத்துவச் செலவை ஏற்கும் பிரிட்டனில், ஆஸ்துமா இறப்புகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான அறிக்கை, இறந்தவர்கள் பலருக்கு நிவாரணி மிகையாகவும் தடுப்பு மருந்து குறைவாகவும் எழுதித் தரப்பட்டிருந்ததைக் கண்டது.

நம் ஊரில் இத்துடன் இன்னொரு தடையும் உண்டு: இன்ஹேலர் 'பழக்கமாகிவிடும்', 'கடைசிக் கட்ட வைத்தியம்' என்ற அச்சம். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடுகளில் அதை மறைத்துவைப்பதும் நாம் அறிந்ததே. எனவே மாத்திரையை நாடுகிறார்கள். ஒரு சால்பியூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம். இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் வெளிப்படுவது 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை இரத்தத்தில் கலந்து உடலெங்கும் சுற்றுவதால் கைநடுக்கமும் படபடப்பும் அதிகம், பலனும் தாமதம். எது 'வீரியமான' மருந்து என்று நாம் அஞ்ச வேண்டும்? ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளித்துவிட்டால், வாய்ப்புண் போன்ற தொல்லைகளும் பெரிதும் குறையும்.

2019-இல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் அமைப்பான 'ஜினா' ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நிவாரணியை மட்டும் தந்து சிகிச்சை அளிக்கக் கூடாது என்றது. அது முன்வைத்த வழி, ஸ்டீராய்டையும் விரைந்து செயல்படும் ஃபார்மொடெராலையும் ஒரே இன்ஹேலரில் தருவது. நிவாரணம் தேடி உறிஞ்சுபவர் தடுப்பையும் சேர்த்தே உறிஞ்சிவிடுகிறார். நோயாளியின் இயல்பைத் திருத்த முயலாமல் அந்த இயல்போடு இசைந்துபோகும் இந்த ஏற்பாட்டை, ஒரு பொருளாதாரவாதியாக நான் மிகவும் மெச்சுகிறேன்.

இதே அளவுகோலை எல்லா இளைப்புக்கும் பொருத்தக் கூடாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வேறு. புகைபிடிப்போரை மட்டுமல்ல, சிகரெட்டையே தொடாமல் விறகடுப்புப் புகையில் பல்லாண்டு வெந்த பெண்களையும் அது தாக்குகிறது. அங்கே முதன்மை மருந்து ஸ்டீராய்டு அன்று; டையோட்ரோபியம் போன்ற, நீண்ட நேரம் செயல்படும் தளர்த்திகள். இரண்டு நோய்களையும் பிரித்தறிய உதவுவது, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை. இரத்த அழுத்தமானி இருக்கும் இடங்களிலெல்லாம் அந்தக் கருவி இருப்பதில்லை.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. அவையும் வலி தெரியாத நோய்களுக்கு, நாளைய ஆபத்தைத் தடுக்கத் தரப்படும் மருந்துகளே. அந்தப் பையில் கூட்டு இன்ஹேலருக்கும் உறுதியான இடம் வேண்டும். அதைக் கொண்டு வருபவருக்கு, எப்படி உறிஞ்சுவது என்று பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லித்தர நேரமும் வேண்டும்.