விநாடி சுருங்கிய கதை

"ஒரு செகண்ட்மா, மீட்டிங். அப்புறம் கூப்பிடறேன்" என்று அம்மாவின் போனை வைத்துவிடுவது என் வழக்கம்.

செகண்டை இன்று விநாடி என்கிறோம். ஆனால் பஞ்சாங்கக் கணக்கே வேறு. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாடி. அதாவது நாழிகை 24 நிமிடம், விநாடி 24 செகண்ட்! சொல் அப்படியேதான் இருக்கு. அதுக்குள்ள இருந்த நேரம்தான் சுருங்கிடுச்சு.

போனில் பார்த்தேன். போன வாரம் முழுக்க அம்மாவோடு பேசியது 11 நிமிடம். அரை நாழிகைகூட இல்லை.

இப்போ ஞாயிறு காலையில் ஒரு நாழிகை அவங்களுக்கு. முதல் பத்து நிமிடம் வழக்கமான மாத்திரை, சாப்பாடு விசாரிப்புதான். அதுக்கப்புறம்தான் அம்மா தன் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறாங்க.